செஞ்சவங்க ஊதணும்

"செஞ்சவங்கதான் மொதல்ல ஊதணுங்க தொரை. எங்க சாமி கட்டளைங்க," என்றேன்.

யோகன் துரை கொம்பை மடியில் வைத்தபடி மாட்டேன் என்று தலையாட்டினார்.

பயப்படாமல் என்ன செய்வார்? சண்டை மூண்டதும் அவரைப் போன்ற ஜெர்மன்காரர்களைப் பிடித்து அடைக்கச் சொல்லி உத்தரவு. பெங்களூரில் இதே சர்க்காரின் பட்டாளத்துக்கு எக்காளம் செய்து கொடுத்த மனுஷன், இரண்டு மாதமாக மலைமேல் எங்கள் எடப்புளி நாட்டில் என் தினைக்கொல்லைக் குடிசையில் ஒளிந்து கிடந்தார். கீழே போலீஸ் தேடுகிறது. கொம்புச் சத்தமோ நாலு மேடு தாண்டிக் கேட்கும்.

கை சும்மா இருக்காது அவருக்கு. விரிசல் விட்ட கோயில் கொம்பை அவராகத்தான் கேட்டு வாங்கினார். ஒட்டுப்போட்டால் தேறாது, புதிதாகவே செய்கிறேன் என்றார். என் பெண்டாட்டி ஆயம்மாள் தாய்வீட்டுப் பித்தளைக் குடத்தையே தூக்கிக் கொடுத்தாள்.

அதை வெட்டிக் குழாயாகச் சுருட்டிப் பற்றவைத்தார். உள்ளே குங்கிலியத்தை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, முழங்காலில் வைத்து வளைத்தார். அப்படிச் செய்தால் குழாய் நசுங்காதாம். பிறகு அனலில் காட்டினார். குங்கிலியம் முழுக்க ஒழுகிவிட்டது. அடேயப்பா, வளைவில் ஒரு சுருக்கம் இல்லை!

வேறு ஆள் ஊதினால் என்ன என்று கேட்டார். ஊருக்கே ஆகாது என்றேன்.

ஆயம்மாள் கூழ்ப்பானையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

மிளகு விற்க மலை இறங்கிய என் தம்பி சின்னக்கண்ணு எட்டு நாளாக வீடு திரும்பவில்லை. தேடிப் போய்விட்டு நேற்றுத்தான் தனியாக ஏறி வந்திருந்தேன்.

"உங்க சாமி கோவிச்சுக்கக் கூடாது," என்று எழுந்து துரை கொம்பை வாயில் வைத்தார்.

அப்படியொரு சத்தத்தை எங்கள் மலை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடித்ததும், சரியாக ஊதினேனா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். கீழே ஓடைப்பக்கம் போலீஸ் விசில் ஒன்று பதில் கொடுத்தது.

துரையைக் காட்டினால், பிடித்து வைத்திருக்கும் தம்பியை விடுகிறோம் என்று கீழே போலீசார் சொல்லியிருந்தார்கள். என் கையால் காட்டினால் நாட்டுப் பஞ்சாயத்து என்னைத் தள்ளி வைத்துவிடும். அவராக ஊதி அகப்பட்டுக்கொண்டால் யார் என்னைக் கேட்பார்கள்?

எங்கள் நாட்டில் அப்படியொரு கட்டளையே கிடையாது.

ஆயம்மாளுக்கு அது தெரியும்.