கழுவிய எஞ்சின்

தன் பழைய அம்பாசிடரை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறது என்றாலே ராசப்பன் பானெட்டுக்குள் தலையை விட்டுவிடுவார். இந்தத் தடவையும் மூன்று நாளாக டீசலில் பிரஷ்ஷை முக்கி எஞ்சினைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி சென்னியம்மாளுக்கு எரிச்சல். கார் போனால்தான் ஷெட் காலியாகும், அவள் மாவு மில் போட முடியும். ஏற்கெனவே இரண்டு பார்ட்டிகள் பார்த்துவிட்டுக் காரணமே சொல்லாமல் போயிருந்தார்கள்.

"போதுமுங்க. அவரு வர்ற நேரமாச்சு."

"இரு புள்ள. இந்த மூலையில இன்னும் பிசுக்கு இருக்குது."

அஸ்தம்பட்டியிலிருந்து வந்தவருக்குக் காரைச் சுற்றிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பானெட்டைத் திறந்தார். கண்ணாடியாக மின்னிய எஞ்சினைப் பார்த்து முகம் சுண்டிப்போனது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று கிளம்பிவிட்டார்.

சென்னியம்மாள் வாசல்வரை பின்னாலேயே போனாள். "மூணு நாளாத் தேச்சாருங்க. இன்னும் என்னங்க குறை?"

"அதுதானுங்கக்கா குறை. ஆயில் ஒழுகறத மறைக்கத்தான் விக்கறப்ப எஞ்சினக் கழுவுவாங்க. கழுவுன எஞ்சினத் தொடாதேன்னு எனக்குச் சொன்னதே நம்ம ராசப்பண்ணன்தான். முப்பது வருஷம் கார் புரோக்கரா இருந்தவரே இப்படிக் கழுவி வெச்சிருக்காருன்னா, வண்டியில பெருசா ஏதோ இருக்குதுங்க."

அவள் மெல்லத் திரும்பினாள். ராசப்பன் பானெட்டை மூடி, அதைத் துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த பார்ட்டி எப்பப் புள்ள வருது?" என்றார். "முன்னாடியே சொல்லிப்போடு. கழுவி வெக்கோணுமல்ல?"