காலியாக விட்ட வரிகள்

இடமில்லாமல் திணறிய கம்ப்யூட்டரை தன்ராஜும் மனைவி எஸ்தரும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மென்பொருள் பட்டியலில், இசையோடு பாடிப் பதியும் கரோக்கிக்கு நேரே எண்பது எம்பி என்றிருந்தது.

"அது சின்னதுதான் தம்பி, கெடக்கட்டும்" என்றார் தன்ராஜ் அவசரமாக.

கடைக்காரர் அதன் ஃபோல்டரையே அளந்து பார்த்தார். பாதி டிஸ்க்கை அதுதான் அடைத்திருந்தது. உள்ளே அத்தனையும் தன்ராஜ் பாடிச் சேமித்த சினிமா டூயட்டுகள். ஒன்றை ஓடவிட்டார். ஆணின் வரிகளை மட்டும் பாடியிருந்தார் தன்ராஜ். பெண்ணின் வரிகள் வந்தபோது வெறும் இசை போய்க்கொண்டிருந்தது.

"அழிச்சிரவா?"

தன்ராஜ் தரையைப் பார்த்தார். சினிமாப் பாட்டு ஆகாதென்று மாமியார் சொன்ன நாளோடு பாடுவதையே விட்டவள் எஸ்தர். அந்த இசைக்கு அவள் உதடுகள் மெல்ல அசைந்தன.

"வேண்டாம் தம்பி. பெரிய டிஸ்க்கா போட்டுருங்க" என்றாள் எஸ்தர்.