முழங்கால் இடிக்கும் வெற்றிடம்

மாலை வகுப்பின் ஜன்னல் வெயில் என் பெடல் ஸ்டீல் கிட்டாரின் பத்துக் கம்பிகள் மேல் சாய்ந்து கிடக்கிறது. மேசைபோல் நிற்கும் அதன் அடியில், நாலாவது கம்பியை அரை ஸ்வரம் இறக்கும் லீவர், முழங்காலால் தள்ளுவது, உடைந்து தொங்குகிறது. நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. "உன் தனி வாசிப்ப கீபோர்டுக்குக் குடுத்துடலாம்மா" என்று மாஸ்டர் பட்டியலில் என் பெயரைப் பென்சிலால் அடிக்கிறார். கீபோர்டு அண்ணன் விரல்களைச் சொடுக்கெடுக்கிறார். "ஒத்தக் கால்ல நொண்டியடிச்சா வாசிக்கப் போற?" "நொண்டியடிச்சே போய்ச் சேருவேண்ணே." இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் வரைந்திருக்கும் ஸ்வரக் கோடுகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்கிறேன்: ஆறாவது கம்பிக்கு எட்டாம் கோடு, நாலாவதுக்கு ஏழாம் கோடு. லீவர் இறக்கிய அரை ஸ்வரத்துக்காக, கம்பிகள் மேல் நேராக உருளும் இரும்புத் துண்டை இனிமேல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதன் பின்முனையைக் கட்டைவிரலால் தள்ளுகிறேன். ஸ்வரம் பூனைபோல் கத்துகிறது. பழக்கதோஷத்தில் முழங்கால் லீவரைத் தேடி இடப்பக்கம் போய் வெறும் காற்றை இடிக்கிறது. மறுபடி சாய்க்கிறேன். மறுபடி முழங்கால் போகிறது. போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஐந்தாம் முறை ஸ்வரம் ஒரு மயிரிழை பிசகி வருகிறது. கையை எடுக்காமல், இரும்பை அதன் இடத்துக்கு நகர்த்துகிறேன். இரண்டு கம்பிகளின் ஸ்வரங்களும் ஒன்றாக நிமிர்ந்து அறை முழுக்க நிற்கின்றன. கீபோர்டு அண்ணனின் கைகள் மடிக்கு இறங்குகின்றன. என் பெயர்மேல் போட்ட கோட்டை அழிக்க மாஸ்டர் மேசையில் ரப்பரைத் தேடுகிறார். "ரப்பர் எதுக்கு சார்? என் பேரப் பேனாவாலேயே எழுதுங்க."