பதின்மூன்றாவது மருந்து

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகே, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஜெபசுதா கணினி நிரலை ஓட்டினாள். நோயாளிகளின் பரிசோதனை அட்டவணையில் ஆன்டிபயாடிக் நெடுவரிசைகளை மட்டும் அது பொறுக்கும். பரிசோதித்த மருந்துகள் பன்னிரண்டு. நிரல் பதின்மூன்று என்றது.

கடைசி நெடுவரிசைக்குப் பெயரில்லை. எந்த மருந்துமே கேட்காத புன்னைக்காயல் மீனவர் டிக்சனுக்கு மட்டும் அது கேட்கும் என்றிருந்தது. பிழையென்று அழித்தாள்.

வார்டிலிருந்து நர்ஸ் இசக்கிசெல்வி கூப்பிட்டாள்.

"மேடம், டிக்சன் அண்ணனுக்குக் காலையில தன்னால விட்ட காய்ச்சல் இப்பம் திரும்பிட்டு. மூச்சு இழுக்கு."

அழித்ததை மீட்கப் பார்த்தாள். நிரல் பன்னிரண்டு என்றது.

அவருடைய கிருமியை வளர்த்த தட்டை எடுத்தாள். பன்னிரண்டு மருந்து வில்லைகளையும் ஒட்டிக் கிருமி படர்ந்திருந்தது. வில்லையே வைக்காத நடுவில் மட்டும் கிருமி அழிந்த தெளிவான ஒரு வட்டம். அவள் பார்க்கப் பார்க்க அது சுருங்கிக்கொண்டிருந்தது.