அந்தப் பக்கத்து டீ

எழுபது தாண்டியவர்கள் பிள்ளைகளைக் கேட்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பினால் பிடித்துத் திருப்பி அனுப்பும் சட்டம், 2061-இல் தமிழ்நாட்டில் இருந்தது, கேரளத்தில் இல்லை. அதனால் எழுபத்துமூன்று வயது சுடலையாண்டி செங்கோட்டையில் பஸ் ஏறி, எல்லையைத் தாண்டியதும் முதல் கடையில் சீனி போட்ட டீயோடு உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டில் கட்டியிருந்த காவல் பட்டை கத்திக் கத்தி ஓய்ந்திருந்தது.

காரில் துரத்திவந்த மகன் ஐயம்பெருமாள் பக்கத்தில் அமர்ந்தான். இங்கே கையைப் பிடித்து இழுக்க அவனுக்கு உரிமையில்லை.

"வீட்டுக்கு வாரியளாப்பா?"

"என்ன கேட்ட?"

"வாரியளான்னு கேட்டேன்."

"அங்க ஏறுங்க, இறங்குங்க, படுங்கன்னுதான சொல்லுவ. இரு, யோசிக்கேன். நீயும் ஒரு டீ குடி."

யோசிக்க ஒன்றுமில்லை, சாயங்கால மாத்திரை வீட்டில்தான் இருந்தது. பதில் சொல்லிவிட்டால் மறுபடி கேட்கமாட்டானே என்று, டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.