முன்பதிவு

“இந்த ஆளுக்கு இந்தப் புத்தகத்துல என்ன வேலை, யோரூன்?”

விடுமுறைக்கு நூலகத்தில் வேலை பார்க்கும் சிக்னே கணினித் திரையை விரலால் தட்டினாள். மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஒட்வார், அதே நாவலின் இரவல் தவணையை நாலாவது தடவையாக நீட்டித்திருந்தார். அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டு வெளியேறும் பதினாறு வயது மாரெனின் கதை. அந்த வயதில் சிக்னேயும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவள்தான். மாரென் என்றால் அவளுக்குத் தானேதான்.

“படிச்சிட்டுப் போறாரு, விடேன்,” என்றார் நூலகர் யோரூன்.

“படிக்கலை, பதுக்குறாரு! அப்பனைக் கேள்வி கேக்கிற புத்தகம் இன்னொரு அப்பன் கையில சிக்கினா வெளிய வருமா? இருக்கிறதே ஒரு பிரதி. நேர்லயே கேட்டுடறேன்.”

“கேட்டே, தொலைச்சிடுவேன். யார் எதை எடுக்கிறாங்கன்னு நாம வாயே திறக்கக் கூடாது. சட்டம்.”

“சட்டமா? பயந்தாங்கொள்ளிங்க ஒளிஞ்சுக்கிற இடம் அது.”

“துரொம்சோ பல்கலைக்கழகத்துல சட்டம் படிக்கிற பொண்ணு பேசற பேச்சைப் பாரு! உனக்கு லீவு எப்ப முடியுது?”

வேறொருவர் முன்பதிவு செய்துவிட்டால் புத்தகத்தை நீட்டிக்க முடியாது. சிக்னே தன் பெயரிலேயே முன்பதிவைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. பிரித்தவளுக்கு ரத்தம் கொதித்தது. மாரெனும் அப்பாவும் மோதுகிற பக்கங்களில் எல்லாம், தாளே கிழிந்துவிடும் அழுத்தத்தில் பென்சில் எழுத்துகள். ‘பொய்!’ ‘வாயை மூடு!’ ‘போதும்!’

“பாத்தீங்களா? அச்சுல இருக்கிற பொண்ணைக்கூடப் பேச விடமாட்டேங்கிறாரு!”

சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ரப்பரால் தேய்த்தாள். ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. அடுத்து வருகிறவளாவது மாரெனை நிம்மதியாகப் படிக்கட்டும்.

சனிக்கிழமை ஒட்வார் வந்தார். மறுபடி அலமாரிக்கு வந்திருந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவர் கை நீண்டது.

சிக்னே குறுக்கே போய் நின்றாள். “மாரென் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?”

“மாரென் மேலயா?” விழித்தார். “ஓ, அந்தப் பென்சிலா! அது என் பொண்ணு எழுதினது. அந்த அப்பன் வாயைத் திறக்கிற இடத்துல எல்லாம் எழுதியிருப்பா. மூணு வருஷம் முன்னால, வீட்டை விட்டுப் போன வாரம். நூலகப் புத்தகம், அழிச்சுட்டுக் கொடுடின்னு கத்தினேன். ‘உங்களை மன்னிக்கிற அன்னிக்கு அழிக்கிறேன்’னுட்டுப் போனா.”

சிக்னே குறுக்கே நின்ற இடத்திலிருந்து விலகினாள்.

“அவ எழுதினதைப் படிச்சுப் படிச்சுத்தாம்மா, நான் பேசினது எனக்கே உறைச்சுது. அந்தப் புத்தகத்துல வர்ற அப்பன் நானேதான்.”

அவர் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு பக்கம். இன்னொரு பக்கம். வேகவேகமாகப் புரட்டினார். பிறகு காலியான ஓரத்தை விரலால் தடவினார்.

“அழிச்சிருக்கா...” என்றார். “ஊருக்கு வந்திருக்கா! முன்பதிவு பண்ணினது அவதான், இல்லே?”

“ஒட்வார், அது வந்து...”

“மூணு வருஷமா அவ நம்பரை அமுக்கி அமுக்கி, மணி அடிக்கிறதுக்குள்ள வச்சிட்டு இருந்தேன். இன்னிக்குப் பேசிடறேன்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவதானேம்மா?”

யோரூன் மேஜையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சிக்னே நகக்கண்ணில் ஒட்டியிருந்த ரப்பர் தூளை மறைக்கக் கையை மடக்கிக்கொண்டாள்.

“யார் முன்பதிவு பண்ணாங்கன்னு நாங்க வாயே திறக்கக் கூடாது, ஒட்வார்,” என்றாள். “சட்டம்.”