சிவப்புச் சீட்டு

"பயன்படாத பொருள் எதுவும் ஆலையில் இருக்கக் கூடாது. சிவப்புச் சீட்டு ஒட்டிக் குப்பையில் போடுங்கள்" என்று முதலாளி மாடியிலிருந்து உத்தரவு போட்டார். முதல் சீட்டை ஒரு ஸ்பேனரின் மேல் ஒட்டினார்கள்.

"இன்று காலைகூட இந்த மிஷினின் போல்ட்டை முறுக்கியது நான்தான்!" என்று ஸ்பேனர் கத்தியது. "என்னைப் பிடித்து வேலை செய்கிறவனை ஒரு வார்த்தை கேட்டாயா?"

"என்னிடம் ஏன் எரிந்து விழுகிறாய்?" என்றது சீட்டு. "ஒட்டச் சொன்னவரே இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை."

"நாக்கை அடக்கு!" என்று வாசலோர அலமாரியிலிருந்து ஒரு ஜோடி பாதுகாப்பு ஷூ அதட்டியது. "நான் முதலாளியின் ஷூ. தினமும் உங்கள் நடுவே நடந்து குறை கேட்கத்தான் என்னை வாங்கினார். மேடையில் என்னைத் தூக்கிக் காட்டி அவர் பேசியபோது எவ்வளவு கைதட்டல் தெரியுமா?"

"கைதட்டல் கிடக்கட்டும். உன் அடியில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை காட்டு, பார்ப்போம்!" என்றது ஸ்பேனர்.

ஷூ தன் அடியை அலமாரிப் பலகையோடு அழுத்தி மறைத்துக்கொண்டது. சீட்டு ஸ்பேனரை விட்டு உரிந்து, பறந்துபோய் ஷூவின் மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் விருந்தாளிகளோடு வாசல்வரை வந்த முதலாளி அதைப் பார்த்துக் கொதித்தார். "சீட்டு ஒட்டியும் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்? எந்தச் சோம்பேறியின் ஷூ இது? தூக்கி எறியுங்கள்!"

"ஐயா, நான்..." என்று ஷூ அலறுவதற்குள் அது குப்பைத் தொட்டியில் கிடந்தது.

உள்ளே தரையெல்லாம் எண்ணெய் என்று சொல்லி, முதலாளி வாசலோடு திரும்பிப் போனார்.